கண்ணாடி போட்டவருக்கு காகிள்ஸ், வளர்கிற பையனுக்கு ஹெல்மெட்

கேள்வி: முதல் தடவையாகக் குடும்பத்தோடு பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறோம். நான், கணவர், 9 வயது மகன். ஐந்து நாள் பயிற்சி வகுப்பு. எனக்கு வயது 41. இரண்டு கண்ணிலும் மைனஸ் 4 பவர். காண்டாக்ட் லென்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன், எப்போதாவதுதான் போடுவேன். மூக்குக்கண்ணாடிக்கு மேல் காகிள்ஸ் மாட்டினால் ஆவி படிந்து எதுவுமே தெரியாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். கணவரோ, "நாம் என்ன மலை உச்சிக்கா போகப்போகிறோம், கற்றுக்குட்டிகள் சரிவில் தவழ்வதற்கு ஹெல்மெட் எதற்கு? வெயிலுக்கு நல்ல கறுப்பான காகிள்ஸ் இருந்தால் போதும்" என்கிறார். மகனுக்கு ஹெல்மெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு சைஸ் பெரிதாக வாங்கி இரண்டு மூன்று வருஷம் ஓட்டலாமா? எனக்கு முடி நீளம். ஹெல்மெட்டுக்குள் கொண்டையை என்ன செய்வது? கடைசியாக மகனின் கேள்வி: ஹெல்மெட்டில் டைனோசர் ஸ்டிக்கர் ஒட்டலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பதும், முதல் தடவை வருகிறவர்களுக்குத் தலையிலிருந்து கால்வரை சாமான்களைப் பொருத்திப் பார்த்துக் கொடுப்பதும்தான் என் தொழில். உங்கள் கேள்விகளை ஏறக்குறைய ஒவ்வொரு பருவத்திலும் யாராவது கேட்கிறார்கள், டைனோசரைத் தவிர. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் உங்கள் கணவர். வேகமே இல்லாத இடத்தில் என்ன அடி படப்போகிறது என்று அவர் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஹெல்மெட்டை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அந்த நியாயம் தலைகீழாகிவிடும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 1077-இன்படி, உள்ளே ஒரு மாதிரித் தலையைப் பொருத்தி, ஹெல்மெட்டை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தளத்தில் விழ விடுகிறார்கள். தளத்தைத் தொடும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப் 2040-இல் உயரம் 2 மீட்டர், வேகம் 22 கிலோமீட்டர் சொச்சம். 1.5 மீட்டர் என்றால் என்ன? நின்றுகொண்டிருக்கும் ஒரு பெரியவரின் தலை இருக்கும் உயரம். காலுக்கடியில் பலகை வழுக்கி மல்லாந்து விழுந்தால் பின்மண்டை தரையில் மோதுவதும் ஏறத்தாழ அந்த வேகத்தில்தான். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போய் மரத்தில் மோதுகிறவரை மனத்தில் வைத்து அந்தச் சோதனை எழுதப்படவில்லை. நின்ற இடத்தில் தொபுக்கென்று விழுகிறவருக்குத்தான் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. முதல் நாள் அப்படி விழப்போவது யார்? நீங்களும் உங்கள் கணவரும்தான்!

பனி என்றால் பஞ்சு மெத்தை என்ற நினைப்பும் வேண்டாம். கற்றுக்குட்டிகள் சரிவில் பகல் முழுக்க ஆட்கள் மிதித்து, ராத்திரி இயந்திரம் ஓடி அமுக்கி, காலையில் அது சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். போதாததற்கு, நிறுத்தத் தெரியாத இன்னொரு கற்றுக்குட்டி பின்னாலிருந்து வந்து மோதும். மலைமேல் ஏற்றிக்கொண்டு போகும் தொங்கு நாற்காலியான சேர்லிஃப்டில் உட்கார்ந்தவுடன் பக்கத்தில் இருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் பாதுகாப்புக் கம்பியைக் கீழே இழுப்பார், அது உச்சந்தலையில் டங்கென்று இறங்கும். என் கைக்கு வரும் பழைய ஹெல்மெட்டுகளின் உச்சிக் கீறல்களில் பாதி அந்தக் கம்பி போட்டதாகத்தான் இருக்கும்.

2009 மார்ச்சில் கனடாவின் மோன் ட்ரோம்ப்லானில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சனுக்கு நடந்ததைக் கணவரிடம் சொல்லுங்கள். கற்றுக்குட்டிகள் சரிவு, கூடவே பயிற்றுநர், ஹெல்மெட் இல்லை. சாதாரணமாக விழுந்தார், எழுந்தார், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி உதவியை மறுத்தார். பிறகு தலைவலி தொடங்கியது. மண்டையோட்டுக்கும் மூளையைச் சுற்றிய உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. இரண்டு நாளில் இறந்துபோனார். ஹெல்மெட் போட்டால் எதுவும் ஆகாது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2013 டிசம்பரில் ஃபிரான்ஸின் மெரிபெல்லில் பாறையில் தலை மோதிய கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் ஹெல்மெட் போட்டிருந்தார். ஹெல்மெட் உடைந்தது, மூளையில் கடுமையான காயம். ஆனால் அது இல்லாதிருந்தால் அவர் மருத்துவமனை வரைக்கும் வந்திருக்கவே மாட்டார் என்று சிகிச்சை கொடுத்த மருத்துவர்கள் சொன்னார்கள். ஆய்வுகள் சொல்வதும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் இருக்கிறது. 2006-இல் வெளிவந்த நார்வே ஆய்வு, ஹெல்மெட் அணிந்தவர்களுக்குத் தலைக்காய அபாயம் 60 சதவீதம் குறைவு என்றது. 2010-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கனடிய மருத்துவ இதழ்க் கட்டுரை 35 சதவீதம் என்றது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும், தலையில் ஒரு டப்பாவை மாட்டுவதற்கு அது போதுமான காரணம். சட்டம் சொன்னால்தான் கேட்பேன் என்கிற ரகமாக அவர் இருந்தால், இத்தாலியில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2022-இல் ஹெல்மெட் கட்டாயமானது, 2025 குளிர்காலத்திலிருந்து எல்லா வயதினருக்கும் கட்டாயமாகிவிட்டது என்பதையும் காதில் போட்டு வையுங்கள்.

சரி, எதை வாங்குவது? ஹெல்மெட்டின் வெளி ஓடு பளபளப்பாக இருந்தாலும் வேலை செய்வது உள்ளே இருக்கும் நுரைதான். நம் தெர்மாகோலின் கெட்டியான அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி விழும்போது அது நசுங்கும். நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில்தான் அடியின் வேகம் குறைகிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, ஹெல்மெட் வேலை செய்வதே அந்தக் கணக்கில்தான். ஒரு தடவை நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. அதனால் பலமான அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாமல் புதுசு போல இருந்தாலும், அன்றோடு ஓய்வு பெற வேண்டியதுதான்.

வாங்கும்போது உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் நான் மேலே சொன்ன இரண்டு தரங்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஈஎன் 1077-இல் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. ஏ வகையில் காதையும் கெட்டி ஓடு மூடும். பந்தயம் ஓடுகிறவர்களுக்கு அது வேண்டும். பி வகையில் காதின் மேல் மெத்தையான துணி மடல்தான் இருக்கும், காற்றோட்டம் அதிகம், காதும் நன்றாகக் கேட்கும். பயிற்றுநர் கத்துவது காதில் விழ வேண்டிய உங்களுக்கு பி வகையே போதும். வீட்டில் இருக்கும் பைக் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வரலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். மோட்டார் பைக் ஹெல்மெட் கனத்தில் கழுத்து நோகும், பக்கவாட்டில் பார்வையும் காதும் அடைபடும். சைக்கிள் ஹெல்மெட் பின்மண்டையில் போதுமான அளவு இறங்காது. காதும் குளிரில் விறைத்துவிடும்.

மிப்ஸ் என்று ஒரு மஞ்சள் வில்லையைப் பல ஹெல்மெட்டுகளில் பார்ப்பீர்கள். தலை நேராக மோதுவது அபூர்வம், பெரும்பாலும் சாய்வாகத்தான் மோதும். அப்போது தலை சுழலும், அந்தச் சுழற்சி மூளையைக் கலக்கும். ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் ஃபான் ஹோல்ஸ்ட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் பீட்டர் ஹால்டின் என்ற பொறியாளரும் 1990-களில் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதன் பலன்தான் மிப்ஸ். உள்ளே வழுக்குகிற ஒரு மெல்லிய அடுக்கு, 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகர்ந்துகொடுக்கும், சுழற்சியின் ஒரு பகுதியை அது விழுங்கிக்கொள்ளும். இருந்தால் நல்லது. ஆனால் பொருந்தாத மிப்ஸ் ஹெல்மெட்டையும் நன்றாகப் பொருந்துகிற சாதா ஹெல்மெட்டையும் என் முன்னால் வைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ஏனென்றால் எல்லாம் பொருத்தத்தில்தான் இருக்கிறது. தையல்காரர் டேப்பை எடுத்து, புருவத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே, பின்மண்டையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சேர்த்துத் தலையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அந்த சென்டிமீட்டர்தான் உங்கள் சைஸ். சிறியது, நடுத்தரம், பெரியது என்ற எழுத்துகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அது மாறும். பின்னால் இருக்கும் திருகைத் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். தாடைப்பட்டையைப் போடாமலேயே தலையை ஆட்டுங்கள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். தோல் நிற்க, ஹெல்மெட் மட்டும் ஆடினால் பெரிது. அப்புறம் திருகை இதமாக இறுக்குங்கள். சைஸ் தவறானதைத் திருகை முறுக்கிச் சரிக்கட்ட முடியாது, நெற்றியின் இரண்டு பக்கமும் வலிக்கும், உச்சியில் வெற்றிடம் அப்படியே இருக்கும். தாடைப்பட்டைக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு விரல் போக இடம் போதும்.

இப்போது பலரும் செய்யாத ஒரு காரியம்: கழற்றாமல் கால் மணி நேரம் அப்படியே இருங்கள். முதல் நிமிஷத்தில் எல்லா ஹெல்மெட்டும் சுகமாகத்தான் இருக்கும். பத்தாவது நிமிஷத்தில்தான் நெற்றியிலோ காதுக்கு மேலோ ஒரு புள்ளியில் குத்தத் தொடங்கும். சிலருக்குத் தலை வட்டம், சிலருக்கு முன்னும் பின்னும் நீண்ட வடிவம். சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் ஒருவருடைய ஹெல்மெட் இன்னொருவருக்கு ஆகாது. கடையிலேயே குத்தினால் மலையில் ஒரு மணி நேரத்தில் தலைவலியாகும், சாப்பாட்டுக்குப் பிறகு ஹெல்மெட் மேசையிலேயே தங்கிவிடும். உள்ளே தடிமனான கம்பளிக் குல்லாய் போடக் கூடாது. ரொம்பக் குளிரினால் மெல்லிய குரங்குக் குல்லாய் ஒன்று போதும், அதையும் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.

மகனுக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது பற்றி. வளர்கிற பிள்ளை என்று எதையும் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்குவது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். ஜாக்கெட்டுக்குச் செய்யுங்கள், கையுறைக்குக்கூடக் கொஞ்சம் செய்யலாம், ஹெல்மெட்டுக்கு வேண்டாம். தொளதொளவென்ற ஹெல்மெட் விழும்போது பின்னால் சரிந்து நெற்றியைத் திறந்துவிடும், அல்லது முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். தலைக்கும் நுரைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அடியும் கூடும். உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 9 வயதில் காலும் கையும் இன்னும் எவ்வளவோ வளரும், ஆனால் தலை ஏற்கெனவே பெரும்பாலும் வளர்ந்து முடிந்திருக்கும். இனி பெரியவனாகும் வரைக்கும் சில சென்டிமீட்டர்தான் கூடும். பின்திருகு உள்ள ஹெல்மெட்டுகள் தாமே மூன்று நான்கு சென்டிமீட்டர் வரை இடம் கொடுக்கும். ஆகவே இன்றைய தலைக்குச் சரியாக உட்கார்ந்து, திருகைக் கிட்டத்தட்ட முழுதாக இறுக்கிய நிலையில் ஆடாமல் நிற்கிற ஒன்றைப் பார்த்து வாங்கினால், நீங்கள் கேட்ட இரண்டு மூன்று வருஷம் தானாகவே கிடைத்துவிடும்.

வாடகைக்கு எடுப்பதில் தவறில்லை. ஐந்து நாளுக்கு அதுவே புத்திசாலித்தனம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்த ஹெல்மெட் இதற்கு முன் என்ன அடி வாங்கியது என்பது உங்களுக்குத் தெரியாது. உள் மெத்தையைப் பிரித்து நுரையில் வெடிப்போ அமுங்கிய குழியோ இருக்கிறதா என்று பாருங்கள், பட்டையின் கொக்கியைப் போட்டு இழுத்துப் பாருங்கள், சந்தேகம் வந்தால் வேறு கேளுங்கள். காகிள்ஸை மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். இன்னொருவர் துடைத்துத் துடைத்து ஆவித்தடைப் பூச்சு போன லென்ஸ் உங்களுக்கு வந்து சேர்ந்தால் ஐந்து நாளும் அவதிதான்.

கொண்டை. அதை ஹெல்மெட்டுக்குள் அடக்கவே முடியாது. அது ஹெல்மெட்டை முன்னால் தள்ளும், பின்மண்டை வெறுமனே நிற்கும். கழுத்துக்கு அருகே தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, நுனியை ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள். கிளிப், ஹேர்பின், ஊசி எதுவும் தலையில் இருக்கக் கூடாது, விழும்போது அவைதான் முதலில் குத்தும். ஹெல்மெட் அளவு பார்க்கப் போகும்போதும் அதே பின்னலோடு போங்கள்.

இனி கண்ணுக்கு வருவோம். உங்களைப் பயமுறுத்தியவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. முகத்திலிருந்து கிளம்பும் வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த லென்ஸில் பட்டதும் நீராகப் படிகிறது. மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு உள்ளே இன்னொரு ஜோடி லென்ஸ். ஆனால் காகிள்ஸ்காரர்கள் இந்தப் பிரச்சினையோடு அறுபது வருஷமாக மல்லுக்கட்டுகிறார்கள். அமெரிக்காவில் பாப் ஸ்மித் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், பனிச்சறுக்குப் பித்துப் பிடித்தவர், 1960-களின் நடுவில் இரண்டு லென்ஸ்களை நடுவே காற்றிடைவெளி விட்டு ஒட்டி, ஓரத்தில் காற்று புகும் நுரை வைத்து ஒரு காகிள்ஸ் செய்தார். குளிர் நாட்டு ஜன்னல்களில் இரட்டைக் கண்ணாடி போடுகிற அதே தந்திரம். வெளி லென்ஸ் குளிர்ந்தாலும் உள் லென்ஸ் அவ்வளவு குளிராது. இன்றைக்கும் நல்ல காகிள்ஸ் எல்லாம் அந்த வழியில்தான். ஒற்றை லென்ஸ் காகிள்ஸை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகளில் நான் முதலில் சொல்வது தினசரி போட்டுக் கழற்றி எறியும் காண்டாக்ட் லென்ஸ். அது இருந்தால் எந்த காகிள்ஸும் போடலாம், ஓரப்பார்வையும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் எப்போதாவது போடுகிறவர் நேராக மலையில் போய் எட்டு மணி நேரம் போட்டால் கண் உலர்ந்து உறுத்தும், மலைக்காற்று வறண்ட காற்று. இன்றிலிருந்தே வீட்டில் தினம் ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டிப் பழகுங்கள். கண் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடியை உறையில் போட்டு ஜாக்கெட் பையில் வைத்திருங்கள்.

அது ஒத்துவரவில்லை என்றால் மூக்குக்கண்ணாடிக்கு மேல் போடுவதற்கென்றே செய்த காகிள்ஸ். உள்ளே ஆழம் அதிகம், பொட்டருகே கண்ணாடிக் காம்பு போக நுரையில் வெட்டு இருக்கும். சட்டம் சின்னதாக, காம்பு மெல்லியதாகவும் நேராகவும் இருக்கும் கண்ணாடியைப் போடுங்கள். ஹெல்மெட்டின் காது மடல் காம்பை அழுத்தி ஒரு மணி நேரத்தில் காதுக்கு மேல் வலிக்கும், இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். லென்ஸ் பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உடையும் கண்ணாடி லென்ஸ் கூடவே கூடாது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ஆவித்தடை திரவம் தடவிக்கொள்ளுங்கள். காகிள்ஸுக்குள் பவர் லென்ஸைச் சொருகும் ஏற்பாடும் உண்டு. அதுவும் ஆவி பிடிக்கும் என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய பிரியம் இல்லை. ஹெல்மெட்டிலேயே முகமூடி போல இறங்கும் பெரிய வைசர் உள்ளவை இப்போது நிறைய வருகின்றன. கண்ணாடி போட்டவர்களுக்கு அவை உண்மையிலேயே சுகம், ஆவியும் குறைவு. வேகமாகப் போனால் கீழேயிருந்து காற்று அடிக்கும். முதல் ஐந்து நாளில் அந்த வேகம் உங்களுக்கு வராது.

எதை வாங்கினாலும் ஆவி படிவதில் பாதி நம் கையில்தான். காகிள்ஸை நெற்றிக்கு மேல் தூக்கி வைக்காதீர்கள், வியர்த்த தலையின் ஆவி முழுக்க அதற்குள் ஏறும். கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்து, அதன் நுனியை காகிள்ஸுக்குள் சொருகாதீர்கள், விடும் மூச்செல்லாம் நேராக லென்ஸுக்குப் போகும். உள்ளே பனி புகுந்தால் உதறுங்கள், துடைக்காதீர்கள். உள்பக்கப் பூச்சு ஈரத்தில் மெத்தென்று இருக்கும், துணி பட்டால் வழித்துக்கொண்டு வந்துவிடும். ராத்திரி அறையில் சும்மா திறந்து வையுங்கள், ஹீட்டர் மேல் வேண்டாம். கற்றுக்குட்டிகளுக்கு ஆவி அதிகம் படிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: விழுந்து விழுந்து எழுந்து வியர்த்துக் கொட்டும், காற்றடிக்கிற வேகமும் இருக்காது. ஜாக்கெட் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும்.

"நல்ல கறுப்பான காகிள்ஸ்" என்பதில் உங்கள் கணவர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார். புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு, கறுப்பு வேறு. நிறமே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸும் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். யுவி 400 என்று எழுதியிருந்தால் போதும். கறுப்பு என்பது எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பது மட்டும். அதை எஸ்0 முதல் எஸ்4 வரை வகைப்படுத்தியிருப்பார்கள். எஸ்1-இல் 43 முதல் 80 சதவீதம் வெளிச்சம் உள்ளே வரும், எஸ்2-இல் 18 முதல் 43, எஸ்3-இல் 8 முதல் 18, எஸ்4-இல் 3 முதல் 8. எஸ்4 பனிமலைச் சிகரங்களுக்கானது, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

மேகம் மூடிய நாளில் மலையில் நிழலே இருக்காது. மேடும் பள்ளமும் ஒரே வெள்ளைச் சுவராகத் தெரியும். அன்றைக்குக் கறுப்பு லென்ஸ் போட்டவர் குருடர் மாதிரிதான். எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு எஸ்3. மேகமூட்டம், ஒன்றும் தெரியவில்லை, வெயில்தான் இல்லையே என்று காகிள்ஸைக் கழற்றிவிட்டு நாள் முழுக்க வகுப்பு எடுத்தேன். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல இருந்தது, கண்ணீர் நிற்கவில்லை, விளக்கைப் பார்க்க முடியவில்லை. பனிக்குருடு. கருவிழியின் மேல்தோல் புற ஊதாக் கதிரில் வெந்துபோவது. பட்ட உடனே தெரியாது, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் காட்டும். ஓரிரு நாளில் சரியாகிவிட்டது, ஆனால் அந்த இருட்டறையை மறக்கவில்லை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், அதாவது கீழேயிருந்தும் வரும். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது.

ஆகவே ஒரே லென்ஸ்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் எஸ்2, ரோஜா அல்லது ஆம்பர் சாயலில். அந்தச் சாயல்கள் நீல ஒளியை வடிகட்டி மேடு பள்ளத்தைக் கொஞ்சம் எடுத்துக் காட்டும். லென்ஸ் மாற்றும் வசதி இருந்தால் எஸ்3 ஒன்று, எஸ்1 ஒன்று. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் லென்ஸும் நல்லதுதான், ஆனால் குளிரில் அது வெளுக்க நேரம் பிடிக்கும். கண்ணாடி போல மின்னும் பூச்சு அழகு, கொஞ்சம் கூசலும் குறையும். கோளவடிவ லென்ஸா உருளைவடிவமா என்று கேட்பார்கள். கோளத்தில் உள்ளே காற்று அதிகம், ஓரத்தில் நெளிவு குறைவு. உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஹெல்மெட்டை முடிவு செய்த பிறகுதான் காகிள்ஸ் வாங்க வேண்டும், ஹெல்மெட் தலையில் இருக்கும்போதே போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். காகிள்ஸின் மேல் விளிம்பும் ஹெல்மெட்டின் முன் விளிம்பும் ஒட்டி நிற்க வேண்டும். நடுவே நெற்றி தெரிந்தால் அந்த இடம் குளிரில் மரத்துப்போகும், வெயிலில் ஒரு சிவப்புக் கோடும் விழும். மாறாக ஹெல்மெட் காகிள்ஸை மூக்கின் மேல் அழுத்தினால் மூச்சு முட்டும். நுரை முகத்தைச் சுற்றிலும் ஒட்டியிருக்கிறதா, குறிப்பாக மூக்கின் இரண்டு பக்கமும் வெளிச்சம் புகுகிறதா என்று பாருங்கள். மூக்குத்தண்டு தாழ்ந்தவர்களுக்கென்று அங்கே நுரை தடித்த மாதிரிகள் இருக்கின்றன, கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மகனுக்குச் சிறுவர் காகிள்ஸ்தான் வேண்டும். பெரியவர்களுடையது அவன் கன்னத்தில் இறங்கி, ஹெல்மெட்டை மேலே தள்ளிவிடும்.

மலையில் யாருக்காவது தலையில் அடி பட்டால், எழுந்து நின்று சிரித்தாலும் அன்றைய சறுக்கல் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி கூடுவது, வாந்தி, பேச்சுக் குழறல், வழக்கமில்லாத தூக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. அவரைத் தனியாக அறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் மலைக்குப் போகக் கூடாது.

இப்போது டைனோசர். தம்பி, நல்ல கேள்வி. பெயின்ட், பசை, அழியாத மார்க்கர் இவற்றில் உள்ள கரைப்பான் சில ஓடுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துப் பலவீனப்படுத்தும். ஸ்டிக்கர் பசையும் அப்படிச் செய்யுமா என்பது ஓடு எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. ஹெல்மெட்டோடு ஒரு சிறு கையேடு வரும், அதில் ஒட்டலாம் என்று இருந்தால் ஒட்டு. இல்லை என்றால் அல்லது வாடகை ஹெல்மெட் என்றால், காகிள்ஸ் பெட்டி இருக்கிறதே, அதில் ஒரு முழு டைனோசர் கூட்டத்தையே ஒட்டிக்கொள்ளலாம்.